சுவர் சொல்லும் சாட்சி

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் பழமொழி. ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளின் பழைய நகரங்களிலோ, சித்திரத்தைவிடச் சுவரே அதிகம் பேசுகிறது. நாட்காட்டிப் படங்களில் நாம் காண்பது கூரான தேவாலயக் கோபுரம், செந்நிற ஓட்டுக் கூரை, சன்னலுக்குச் சன்னல் பூந்தொட்டி. இவை அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அண்ணாந்து பார்க்கிற கண்ணுக்கு அகப்படாத சில சங்கதிகள் அங்கே கைக்கெட்டும் உயரத்திலும் காலடியிலும் கிடக்கின்றன. ஓர் இரும்புக் கம்பி, சுவரில் கீறிய ஒரு வட்டம், ஒரு கோடு, அதன் பக்கத்தில் ஓர் ஆண்டு எண். இன்று நம் சங்கக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்கென அந்நாடுகளுக்குச் செல்கிறார்கள். பெற்றோரும் ஒரு மாதம், இரண்டு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறார்கள். அப்படிப் போகிறவர்கள் நின்று பார்க்கத்தக்க சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முழக்கோலும் ரொட்டியும்

வியன்னா நகரின் நடுநாயகமாக விளங்குவது புனித ஸ்டீபன் பேராலயம். அதன் மேற்கு வாசலை ‘அரக்க வாசல்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அந்த வாசலின் இடப்பக்கச் சுவரில் இரண்டு இரும்புக் கம்பிகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்றின் நீளம் ஏறத்தாழ 77.6 செ.மீ.; மற்றது 89.6 செ.மீ. ஜெபம் செய்ய வருகிறவர்களுக்கும் இவற்றுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இவை துணி அளக்கும் கோல்கள்.

‘எல்லெ’ என்பது ஜெர்மன் மொழியில் முழங்கையைக் குறித்து எழுந்த அளவு. நம் முழம் போலத்தான். முழம் போடுகிறவர் கைக்கேற்ப முழம் மாறும் என்பது பூக்காரியிடம் பேரம் பேசிய எவருக்கும் தெரியும். ஐரோப்பாவிலோ கைக்குக் கை மட்டுமல்ல, ஊருக்கு ஊர் முழம் வேறாக இருந்தது. போதாக்குறைக்கு வியன்னாவில் கம்பளித் துணிக்கு ஒரு முழம், நாரிழைத் துணிக்கு வேறொரு முழம். சந்தையில் துணி வாங்கியவனுக்குச் சந்தேகம் வந்தால் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. துணியை எடுத்துக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்து கம்பியோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எழுத்தறியாதவனும் இதைச் செய்யலாம் என்பதே இதன் சிறப்பு. 1876-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவில் மீட்டர் அளவு நடைமுறைக்கு வந்தது. கம்பிகளின் வேலை முடிந்தது. ஆனால் யாரும் அவற்றைப் பிடுங்கி எறியவில்லை.

அருகிலேயே சுவரில் ஒரு வட்டத் தடம் தெரியும். அது ரொட்டியின் அளவைச் சோதிக்கும் வட்டம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பழைய வாயிற்கதவை நிறுத்தி வைத்த இரும்புக் கொக்கி உராய்ந்து உராய்ந்து உண்டான தடம் என்கிற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் ரொட்டி அளவு என்ற கதை ஏன் இவ்வளவு காலம் நிலைத்தது என்றால், ரொட்டிக்காரர்கள் மீது ஊருக்கு இருந்த கண்காணிப்பு பொய்யல்ல. எடை குறைத்து விற்றவரைக் கூண்டில் அடைத்து ஆற்றில் முக்கி எடுக்கும் தண்டனை வியன்னாவில் இருந்திருக்கிறது.

மெய்யான ரொட்டி அளவைப் பார்க்க வேண்டுமானால் ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள ஃப்ரைபுர்க் நகருக்குப் போகவேண்டும். அங்கே பேராலயக் கோபுரத்தின் அடியில் உள்ள முன்மண்டபச் சுவரில் ரொட்டிகளின் வடிவமும் அளவும் கல்லில் கீறப்பட்டுள்ளன. கூடவே ஆண்டுகளும் உண்டு: 1270, 1317, 1320. ஆண்டுக்கு ஆண்டு ஏன் வேறு வேறு அளவு என்று கேட்கத் தோன்றும். அக்காலத்தில் ரொட்டியின் விலையை மாற்றுவதில்லை; ஒரு காசுக்கு ஒரு ரொட்டி என்றால் அது அப்படியே இருக்கும். தானியம் மலிந்தால் ரொட்டி பெரிதாகும், அருகினால் சிறுக்கும். நம் ஊர்த் தேநீர்க்கடை வடை விலை மாறாமலே இளைத்துப் போவதைக் கண்டிருக்கிறோமே, அதுபோல. வித்தியாசம் என்னவென்றால், அங்கே எவ்வளவு இளைக்கலாம் என்பதை ஊரே தீர்மானித்துக் கல்லில் வெட்டி வைத்தது. 1317 என்ற ஆண்டைக் கவனியுங்கள். 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பா முழுவதும் ஓயாத மழையால் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் நிலவிய காலம் அது. அந்தப் பஞ்சத்தைப் பற்றி நூல்களில் எத்தனையோ பக்கங்கள் படிக்கலாம். ஒரு குடும்பத்தின் கைக்கு எவ்வளவு ரொட்டி வந்தது என்பதை விரலால் தடவிப் பார்க்கும் இடம் இதுதான்.

அதே மண்டபத்தில் செங்கல்லுக்கும் கூரை ஓட்டுக்கும் அளவுகள் உண்டு, முழக்கோலும் உண்டு. ஆலயத்தைச் சுற்றிய திடலில்தான் சந்தை கூடியது, இன்றும் கூடுகிறது. தமிழகக் கோயில்களிலும் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கற்சுவரில் வெட்டி வைத்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. எல்லோரும் வந்து போகும் இடம், பொய் சொல்ல அஞ்சும் இடம், இடிக்கத் துணியாத இடம் எதுவோ அங்கேதான் அளவை எழுதி வைக்கத் தோன்றும்.

பவேரியாவில் டான்யூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகள் கூடும் பாசாவ் நகரத்தில் அளக்கப்பட்டது வேறு பொருள். நகர மன்றக் கோபுரத்தின் ஆற்றங்கரைப் பக்கச் சுவரில் வெள்ளத்தின் உயரம் ஆண்டுவாரியாகக் கோடிட்டுக் காட்டப்பட்டுள்ளது. எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது 1501. அதற்கு அடுத்து 2013. அவ்வாண்டு ஜூன் 3-ஆம் நாள் டான்யூபின் நீர்மட்டம் 12.89 மீட்டர் வரை ஏறியது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: கோபுரம் கட்டப்பட்டது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். ஆகவே 1501-இன் கோடு பழைய குறிப்புகளைக் கொண்டு பின்னாளில் போடப்பட்டதாகவே இருக்க வேண்டும். சாட்சி சொல்லும் சுவரையும் குறுக்கு விசாரணை செய்யத்தான் வேண்டும்.

மரத்தில் எழுதிய பெயர்கள்

கல்லைவிட மரம் அதிகம் பேசும் ஊர்கள் உண்டு. ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் உள்ள க்வெட்லின்பூர்க் அவற்றில் தலைசிறந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் அங்கே இருக்கின்றன. கிழக்கு ஜெர்மனி ஆட்சிக் காலத்தில் இவற்றுள் பல பழுது பார்ப்பாரின்றிச் சீரழிந்தன. இரு ஜெர்மனிகளும் இணைந்தபின், 1994-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவ்வீடுகளில் சுவர் பாரம் தாங்குவதில்லை, மரச்சட்டமே தாங்குகிறது. நிற்கும் கால்கள், படுத்த உத்தரங்கள், சாய்ந்து முட்டுக் கொடுக்கும் குறுக்கு மரங்கள் இவற்றை இரும்பாணி இல்லாமல், ஒரு மரத்தின் செதுக்கிய முனையை மற்றொன்றின் துளையில் செருகி, மர ஆணி அடித்து இணைத்தார்கள். இடைவெளிகளில் குச்சி பின்னி, வைக்கோல் கலந்த களிமண் அப்பினார்கள். வசதி வந்தபின் செங்கல் வைத்தார்கள். மேல்தளம் கீழ்த்தளத்தைவிடச் சற்றே தெருப்பக்கம் துருத்தி நிற்கும். இதனால் மேலே இடம் கூடுகிறது. கீழே உள்ள மரங்களின் மேல் மழைநீர் வழியாமல் காக்கிறது.

தச்சர்கள் மரங்களைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றிலும் கீறல் எண் இட்டு, பிரித்து, மனையில் கொண்டு வந்து நிறுத்துவார்கள். அந்தக் கீறல்களை இன்றும் காணலாம். மரத்தைப் பச்சையாகவே இழைத்ததால், அதன் ஆண்டு வளையங்களை எண்ணி மரம் வெட்டிய ஆண்டைக் கண்டுபிடித்தால் வீடு கட்டிய ஆண்டும் ஏறக்குறையத் தெரிந்துவிடுகிறது. பெரும்பாலான இடங்களில் அந்தச் சிரமமே தேவையில்லை. மேல்தளத்தைத் தாங்கும் கிடைமரத்தில், தெருவில் போகிறவர் படிக்கும்படியாக, கட்டிய ஆண்டு, வீட்டுக்காரர் பெயர், பல வீடுகளில் அவர் மனைவியின் பெயர், ஒரு வேத வசனம் ஆகியவை செதுக்கப்பட்டிருக்கும். அரசனும் பிரபுவும் அல்லாத ஒரு ரொட்டிக்காரரும் அவர் மனைவியும் நானூறு ஆண்டுகளாகப் பெயர் சொல்லி நிற்பது இந்த மரங்களின் தயவால்தான்.

போனவர்கள்

வீட்டுச் சுவரில் எழுதிய எழுத்துகளிலேயே உலகம் முழுதும் பரவிய கதைக்கு உரியது ஹாமெல்ன் நகரத்து எழுத்து. எலிகளைக் குழலூதி ஆற்றில் தள்ளிய வண்ண உடைக்காரனின் கதையை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார்கள். ஹாமெல்னில் ‘எலி பிடிப்பவன் வீடு’ என்று இன்று அழைக்கப்படும் கல் முகப்புக் கட்டடம் 1602-1603-இல் கட்டப்பட்டது. எலி பிடிப்பவன் எவனும் அதில் வசிக்கவில்லை. ஊர்ப் பிரமுகர் ஒருவர் கட்டிய வீடு அது. அதன் பக்கச் சுவர் எழுத்தினால்தான் அந்தப் பெயர். 1284-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், பல நிற ஆடை அணிந்த குழல்காரன் ஒருவன் ஹாமெல்னில் பிறந்த 130 பிள்ளைகளைக் கூட்டிச் சென்றான், குன்றருகே அவர்கள் மறைந்து போனார்கள் என்பதே அதன் செய்தி.

அதில் எலி இல்லை. இச்சம்பவத்தைச் சொல்லும் 15-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியிலும் எலி இல்லை. எலிகள் கதைக்குள் புகுந்தது 16-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். எலியை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு நாள், ஓர் எண்ணிக்கை, திரும்பி வராத பிள்ளைகள். என்ன நடந்திருக்கும்? ஆய்வாளர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். பரவலாக ஏற்கப்பட்டுள்ள ஒரு கருத்து நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் மனத்தைத் தொடக்கூடியது. 13-ஆம் நூற்றாண்டில் கிழக்கே புதிய நிலங்களில் குடியேற்ற ஆள் சேர்க்கும் முகவர்கள் ஊர் ஊராய் வந்தார்கள். இளைஞர்களும் இளம்பெண்களும் அவர்களோடு கிளம்பிப் போனார்கள். ‘ஹாமெல்னின் பிள்ளைகள்’ என்றால் சிறுவர் சிறுமியர் என்றுதான் கொள்ள வேண்டுமா? ‘எங்க ஊர்ப் பிள்ளைகள்’ என்று நாமும் முப்பது வயதுக்காரர்களைச் சொல்வதில்லையா? இன்றைய பிராண்டன்பூர்க் பகுதியிலும் போலந்து நாட்டுப் பக்கத்திலும் ஹாமெல்ன் சுற்றுவட்டாரத்து ஊர்ப்பெயர்களையும் குடும்பப் பெயர்களையும் ஒத்த பெயர்கள் காணப்படுவதை இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இது முடிந்த முடிபு அல்ல. ஆனால் பிழைப்புத் தேடிப் போனவர்கள் போன ஊரில் குடியும் குடித்தனமுமாக வாழ்ந்திருக்க, விட்டுச் சென்ற ஊர் அவர்களை இறந்தவர்களாகவே எண்ணி அழுதது என்றால், அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

அந்தச் சுவரை ஒட்டிச் செல்லும் சந்தின் பெயர் ‘முரசில்லாத் தெரு’. பிள்ளைகள் அவ்வழியே போனார்கள் என்பதால் அங்கே கொட்டு முழக்குவதும் ஆடுவதும் கூடாது. கல்யாண ஊர்வலம் வந்தாலும் அந்தச் சந்தில் வாத்தியம் நின்றுவிட வேண்டும் என்பது வழக்கம்.

எரிந்ததும் எழுந்ததும்

இரண்டாம் உலகப் போரில் இந்நகரங்களில் பல தீக்கிரையாயின. ஃப்ரைபுர்க்கில் 1944 நவம்பர் 27 இரவில் விழுந்த குண்டுகள் பேராலயத்தைச் சுற்றிய வீடுகளைத் தரைமட்டமாக்கின. ரொட்டி அளவைத் தாங்கிய கோபுரம் மட்டும் நின்றது. வியன்னாப் பேராலயத்தின் கூரை 1945 ஏப்ரலில் பக்கத்துக் கடைகளிலிருந்து பரவிய தீயில் எரிந்து விழுந்தது. முழக்கோல்கள் தப்பின. அதே வாசலின் வலப்பக்கச் சுவரில் ‘ஓ5’ என்ற கீறலைக் காணலாம். நாஜி ஆட்சியை எதிர்த்த ஆஸ்திரியர்கள் உயிரைப் பணயம் வைத்து இட்ட குறி அது. ஐந்து என்றால் ஐந்தாம் எழுத்தாகிய ‘ஈ’. ஓவும் ஈயும் சேர்ந்தால் ஜெர்மன் மொழியில் ஆஸ்திரியா என்ற பெயரின் முதல் ஒலி. அப்போது ஆஸ்திரியா என்ற பெயரே நாட்டின் படத்திலிருந்து அழிக்கப்பட்டிருந்தது.

எரிந்ததைத் திரும்பக் கட்டலாமா, கட்டினால் அது பொய்ச் சாட்சி ஆகாதா என்ற வாதம் அங்கே இன்றும் ஓயவில்லை. ஹில்டெஸ்ஹைம் நகரில் 1529-இல் எழுந்த கசாப்புக்காரர் சங்க மாளிகை மரச்சட்டக் கட்டடங்களின் அரசி எனலாம். 1945 மார்ச்சில் அது சாம்பலானது. அந்த இடத்தில் 1960-களில் ஒரு புதுமாதிரி ஓட்டல் கட்டினார்கள். பிறகு அந்த ஓட்டலையும் இடித்துவிட்டு, 1987 முதல் 1989 வரை பழைய முறைப்படியே ஓக் மரத்தால் மாளிகையை மீண்டும் எழுப்பினார்கள். பார்ப்பவருக்கு எது பழையது எது புதியது என்று சட்டென்று விளங்காது. டிரெஸ்டன் நகர மாதா கோயில் விஷயத்தில் வேறு வழி கொண்டார்கள். 1945 பிப்ரவரி 15-இல் சரிந்த அந்தக் கோயிலின் இடிபாடுகள் பல்லாண்டுகள் குவியலாகவே கிடந்தன. 1994-இல் தொடங்கி 2005-இல் முடித்த புதிய கட்டடத்தில், குவியலில் பொறுக்கி எடுத்த பழைய கற்களை அவற்றின் பழைய இடத்திலேயே வைத்தார்கள். அந்தக் கற்கள் கறுத்துக் கிடக்கின்றன, புதியவை வெளுப்பு. கோபுர உச்சிச் சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லரின் தந்தை, அந்நகரின்மீது குண்டு போட்ட விமானிகளுள் ஒருவர். இரண்டில் டிரெஸ்டன் வழியே எனக்கு உகந்ததாகப் படுகிறது. அந்த மணற்கல் காலப்போக்கில் தானாகவே கறுக்கும் இயல்புடையது என்பதால், ஒரு காலத்தில் அங்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அது வேறு விஷயம்.

தலைகுனிய வைக்கும் கற்கள்

சுவரில் இருப்பதெல்லாம் பெருமைக்குரியதல்ல. வியன்னாப் பேராலயத்திலிருந்து பத்து நிமிட நடையில் யூதர் சதுக்கம் என்ற சிறு திடல் இருக்கிறது. அங்கே இரண்டாம் எண் வீட்டின் முகப்பில் ஏசுநாதர் யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெறும் புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. 1497-இல் வைத்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதன் கீழே உள்ள லத்தீன் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு உடம்பு கூசும். 1421-ஆம் ஆண்டில் வியன்னாவில் யூதர்களை உயிரோடு எரித்ததை, ஊரின் பாவத்தை நெருப்பு கழுவியதாக, அவர்களை நாய்கள் என்று ஏசிப் புகழ்கிறது அது. அதாவது கொலை செய்தவர்களே பெருமையோடு எழுதி வைத்த வாக்குமூலம்.

இதை என்ன செய்வது? உடைத்து எறிந்தால் மனம் ஆறும். ஆனால் குற்றத்துக்கு இருக்கும் சாட்சியும் கூடவே போய்விடும். வியன்னா அதை அப்படியே விட்டுவைத்தது. 1998-இல் கத்தோலிக்கத் திருச்சபை அதே சதுக்கத்தின் மற்றொரு வீட்டில் ஒரு பலகை பதித்து, நடந்ததில் கிறிஸ்தவர்களின் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டியது. 2000-ஆம் ஆண்டில் திடலின் நடுவே, நாஜிகளால் கொல்லப்பட்ட 65,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரிய யூதர்களுக்கு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் அமைத்தது. புத்தகங்கள் அடுக்கிய அறை போன்ற கான்கிரீட் கட்டடம். ஆனால் புத்தகங்களின் முதுகுப்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிறது, தலைப்பைப் படிக்க முடியாது. கதவுக்குக் கைப்பிடி கிடையாது. திடலின் அடியில் 1421-இல் அழிக்கப்பட்ட யூதத் தொழுகைக் கூடத்தின் அடித்தளத்தை அகழ்ந்து காத்து வைத்திருக்கிறார்கள்.

மார்ட்டின் லூதர் பிரசங்கம் செய்த விட்டன்பெர்க் நகர ஆலயத்தின் வெளிச்சுவரில் இதைவிட அருவருப்பான சிற்பம் இருக்கிறது. யூதர்களையும் பன்றியையும் சேர்த்து இழிவு செய்வது. பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது. 1988-இல் அதன் கீழே தரையில் ஒரு நினைவுத் தகடு பதித்தார்கள். அது போதாது, சிற்பத்தையே அகற்ற வேண்டும் என்று யூதர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2022 ஜூன் மாதம் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. தகடும் விளக்கப் பலகையும் சேர்ந்து அந்த இழிசிற்பத்தை எச்சரிக்கைச் சின்னமாக மாற்றிவிட்டன என்றது. வழக்குத் தொடுத்தவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. விளக்கம் படிக்காமல் கடந்து போகிறவனுக்கு அது இன்னும் வசைதான்.

இனிக் காலடியைப் பார்க்க வேண்டும். பல ஊர்களில் நடைபாதைக் கற்களிடையே உள்ளங்கை அளவு பித்தளைத் தகடு மின்னும். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-இல் கொலோன் நகர மன்றத்தின் முன் முதல் கல்லைப் பதித்தார். 2023 மே மாதம் நியூரம்பெர்க்கில் ஒரு லட்சமாவது கல் பதிக்கப்பட்டது. இதற்கு ‘இடறு கல்’ என்று பெயர். நாஜிகளால் துரத்தப்பட்டவர், கொல்லப்பட்டவர் கடைசியாகத் தம் விருப்பப்படி வாழ்ந்த வீட்டு வாசலில் பதிப்பார்கள். பெரும்பாலும் ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கும். பின் பெயர், பிறந்த ஆண்டு, கொண்டு செல்லப்பட்ட நாள், முடிவு. ஒரு குடும்பம் என்றால் நான்கைந்து கற்கள் அருகருகே. கடைசிக் கல்லில் சில வேளை ஐந்து வயதுக் குழந்தையின் பெயர் இருக்கும்.

மியூனிக் நகரம் மட்டும் இதைத் தன் பொது இடங்களில் அனுமதிக்கவில்லை. இறந்தவர் பெயரைக் காலால் மிதிப்பது மீண்டும் ஓர் அவமானம் என்று அந்நகர யூத சமூகத்தின் தலைமை எடுத்துரைத்ததை ஏற்று, 2004-இல் மறுத்த நகர மன்றம் 2015-இலும் அதையே உறுதி செய்தது. 2018 முதல் அங்கே பெயர்கள் வீட்டுச் சுவரில் கண் மட்டத்தில், அல்லது சிறு தூண்களில் பொறிக்கப்படுகின்றன. படிக்கக் குனிவதே ஒரு வணக்கம்தானே என்கிறார்கள் கற்களை ஆதரிப்பவர்கள். பித்தளை என்பதால் மழையிலும் பனியிலும் கறுத்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 9-ஆம் நாளை ஒட்டி அக்கம்பக்கத்தார் வாளியும் துணியுமாக வந்து, முழந்தாளிட்டு, தம் வாசலில் உள்ள பெயர்களைத் துலக்கிவிட்டுப் போகிறார்கள்.